கட்டுச்சோற்றுடன் லைப்சிக்: கையைக் கடிக்காத ஒரு வார இறுதி ரயில் பயணத்துக்கான வழிகாட்டி

பெர்லினுக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்து சேரும் தமிழர்கள் பலர், முதல் சில மாதங்களிலேயே பாரிஸையும் ரோமையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலில் அகலக்கால் வைக்கிறார்கள். விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்து கையிருப்பைக் கரைத்துவிட, பிறகு ஓராண்டுக்கு ஊரைவிட்டு நகராமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது லைப்சிக் நகரத்தைத்தான். சாதாரண ரயில்களிலேயே ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நகரின் நடுப்பகுதி முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். அங்கே காணவும் கேட்கவும் வேண்டியவற்றில் மிகச் சிறந்தவை இலவசம், அல்லது சில யூரோவில் முடிபவை. அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஹாலே நகரில், தமிழ் அச்சு வரலாற்றின் ஒரு முக்கியமான கண்ணி இருக்கிறது.

பல பயணங்களுக்குப் பிறகு நான் உணர்ந்தது என்னவென்றால், அறிமுகமில்லாத ஊரில் வந்திறங்கி, பசியோடும் களைப்போடும் நின்றுகொண்டு எடுக்கும் முடிவுகளுக்குத்தான் நாம் அதிக விலை கொடுக்கிறோம். ஆகவே வண்டி, படுக்கை, சாப்பாடு ஆகிய மூன்றையும் வீட்டிலிருந்தே தீர்மானித்துவிட வேண்டும். அதனால் மிஞ்சும் பணத்தை, அந்த ஊரில் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றிரண்டு அனுபவங்களுக்குத் தயங்காமல் செலவிட வேண்டும். கீழே உள்ள எல்லாக் குறிப்புகளும் இந்த எண்ணத்தின் அடிப்படையில் எழுதப்பட்டவை.

எந்தப் பயணச்சீட்டு?

ஜெர்மனியில் வசிப்பவருக்கு முதல் தேர்வு, சந்தேகமின்றி, டாய்ச்லாந்து டிக்கெட் என்னும் மாதாந்திரச் சீட்டுதான். 2023 மே மாதம் 49 யூரோ விலையில் தொடங்கிய இந்தச் சீட்டு, 2025-இல் 58 யூரோவாகவும், 2026 ஜனவரி முதல் 63 யூரோவாகவும் உயர்ந்துள்ளது. நாடு முழுவதும் உள்ள வட்டார ரயில்கள், புறநகர் ரயில்கள், நகரப் பேருந்துகள், டிராம்கள் ஆகிய அனைத்திலும் இது செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., ஈ.சி. போன்ற நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. பெர்லினில் வேலைக்குப் போய்வர ஏற்கெனவே இந்தச் சீட்டை வைத்திருப்பவர்களுக்கும், பருவக் கட்டணத்தோடு சேர்த்து இதைப் பெற்றுள்ள மாணவர்களுக்கும், லைப்சிக் போய் வரும் ரயில் செலவு பூச்சியம். சந்தா முறையில் வழங்கப்படுவதால், ஒரு மாதம் மட்டும் போதும் என்று நினைப்பவர் அந்த மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த மாதத்துக் கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும். சீட்டு உங்கள் பெயரில் இருப்பதால், பரிசோதகர் கேட்கும்போது புகைப்படம் உள்ள அடையாள ஆவணத்தையும் காட்ட வேண்டியிருக்கும். கடவுச்சீட்டையோ வசிப்பிட அனுமதி அட்டையையோ வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

ஊரிலிருந்து சில வாரங்களுக்கு மட்டும் வந்திருக்கும் பெற்றோரோ உறவினரோ உடன் வந்தால் கணக்கு மாறும். நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போது, நாடு முழுவதும் வட்டார ரயில்களில் ஒரு நாள் செல்லும் குவேர்-டுர்க்ஸ்-லாண்ட் டிக்கெட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதிகபட்சம் ஐந்து பேர் ஒரே சீட்டில் பயணம் செய்யலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். ஒருவரோ இருவரோ மட்டும் என்றால் ஐ.சி.இ. வண்டியில் முன்பதிவு செய்யும் சூப்பர் ஷ்பார்பிரைஸ் என்ற சலுகைக் கட்டணம் ஏற்றது. பெர்லினிலிருந்து லைப்சிக்குக்கு ஐ.சி.இ. சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். சில வாரங்களுக்கு முன்பே வாங்கினால் ஒரு வழிக்கு 20 யூரோவுக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் அந்தச் சீட்டை ரத்து செய்ய முடியாது, குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற வேண்டும். இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. முதியவர் யாரும் உடன் வரவில்லையென்றால், இந்தக் குறுகிய தூரத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

நெடுந்தூர வண்டி தாமதமானால் உங்களுக்கு உள்ள உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சேரும் இடத்தில் 60 நிமிடங்களுக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடங்களுக்கு மேல் போனால் 50 விழுக்காடும் திருப்பிக் கேட்கலாம். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. சேரும் இடத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் தாமதம் ஏற்படும் என்று தெரிந்தாலே, குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கிவிடும், அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். இது தெரியாமல் நடைமேடையில் பதறிப்போய், புதுச் சீட்டு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெதுவான வண்டியில் போகும் முறை

ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் டி.பி. நேவிகேட்டர் செயலியில் பெர்லின் மத்திய நிலையத்திலிருந்து லைப்சிக் மத்திய நிலையத்துக்கு என்று தேடினால், ஐ.சி.இ. வண்டிகளே வரிசையாக வந்து நிற்கும். தேடல் அமைப்பில் வட்டார ரயில்கள் மட்டும் என்ற தெரிவை இயக்குங்கள். அதே இடத்தில் வண்டி மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தைப் பதினைந்து நிமிடமாக உயர்த்துங்கள். ஐந்து நிமிட இடைவெளியில் வண்டி மாறும் திட்டம் செயலியில் அழகாகத்தான் தெரியும். முதல் வண்டி ஆறு நிமிடம் தாமதமானால் உங்கள் காலைப் பொழுதில் ஒரு மணி நேரம் போய்விடும்.

வழக்கமான வழி, ஆர்.இ. 3 என்னும் வட்டார வண்டியில் யூட்டர்போக் வழியாக லூதர்ஷ்டட் விட்டன்பெர்க் வரை போய், அங்கிருந்து மத்திய ஜெர்மனியின் எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயிலில் பிட்டர்ஃபெல்ட் வழியாக லைப்சிக் சேர்வது. விட்டன்பெர்க், 1517-இல் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட ஊர். உங்கள் சீட்டில் எங்கு வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம் என்பதால், பொழுது நீண்ட கோடைக் காலத்தில் இங்கு இரண்டு மணி நேரம் இறங்கிப் பார்ப்பதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. முதல் முறை போகிறவர்கள் அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்வது நல்லது, போகும்போது காலை நேரம் லைப்சிக்குக்கு வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு தூங்கப் போவதற்கு முன் செயலியை இன்னொரு முறை திறந்து பாருங்கள். தண்டவாளப் பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் வார இறுதிகளில்தான் நடக்கும். அப்போது பாதையின் ஒரு பகுதியில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து ஓடும், அறிவிப்புப் பலகையில் எஸ்.இ.வி. என்ற மூன்று எழுத்துகள் காணப்படும். ஒரு முறை இதைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். வண்டி மாற வேண்டிய சிறிய நிலையத்தில் இறங்கி, நடைமேடையிலேயே அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தபோது, நிலையத்தின் மறுபுறச் சாலையிலிருந்து மாற்றுப் பேருந்து புறப்பட்டுப் போய்விட்டது. அடுத்த பேருந்துக்காக மழையில் ஐம்பது நிமிடம் நின்றேன். அன்றிலிருந்து, எஸ்.இ.வி. என்ற எழுத்துகள் உள்ள பயணத்தில், பேருந்து எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதை வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளாமல் நான் வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை.

எப்போது போகக் கூடாது

லைப்சிக் பல நூற்றாண்டுகளாகச் சந்தை நகரம். பேரரசர் முதலாம் மாக்சிமிலியான் 1497-இலும் 1507-இலும் அதன் வணிகச் சந்தைகளுக்குச் சிறப்பு உரிமைகள் அளித்தார். அந்த மரபு இன்றும் தொடர்வதால், சில வார இறுதிகளில் விடுதிக் கட்டணம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். மார்ச்சு மாதத்தில் நடக்கும் லைப்சிக் புத்தகக் கண்காட்சி, பெந்தெகொஸ்தே விடுமுறையில் உலகெங்கிலுமிருந்து கறுப்பு உடையணிந்த இசை ரசிகர்கள் கூடும் வேவ்-கோத்திக் விழா, ஜூன் மாதத்து பாக் இசை விழா, டிசம்பர் மாதக் கிறிஸ்துமஸ் சந்தை ஆகிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். புத்தகக் கண்காட்சிக்காகவே போகிறவர்கள் ஹாலே நகரில் தங்கி, தினமும் புறநகர் ரயிலில் வந்து போகலாம். என்னைக் கேட்டால் ஏப்ரல் இறுதியும் செப்டம்பரும் மிகப் பொருத்தமானவை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

படுக்கை

ஓர் இரவுதான் தங்கப் போகிறோம் என்பதால், அறையின் அழகைவிட அது இருக்கும் இடம் முக்கியம். மத்திய நிலையத்தைச் சுற்றியே நடக்கும் தூரத்தில் பல இளைஞர் விடுதிகள் உள்ளன. ஆறு பேர், எட்டுப் பேர் தங்கும் பொது அறையில் ஒரு படுக்கைக்கு நான் வழக்கமாக 30 முதல் 35 யூரோ ஒதுக்கிக்கொள்கிறேன். பதிவு செய்யும்போது மூன்று விவரங்களைப் பாருங்கள்: படுக்கை விரிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா, சமையலறை உண்டா, அறை கிடைக்கும் நேரத்துக்கு முன்பும் அறையைக் காலி செய்த பின்பும் பையை வைத்துக்கொள்ள இடம் தருகிறார்களா. இவற்றில் மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த வசதி இல்லாவிட்டால் நிலையத்தின் பெட்டகத்துக்கு இரண்டு முறை காசு போட வேண்டியிருக்கும். நகராட்சி விதிக்கும் விருந்தினர் வரி சில ஊர்களில் தனியாக வாங்கப்படுவதால், பதிவின் இறுதிப் பக்கத்தில் உள்ள மொத்தத் தொகையைக் கொண்டே விலையை ஒப்பிடுங்கள். பூட்டு ஒன்றும் துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும், இரண்டையும் விடுதியில் வாடகைக்கு வாங்குவது வீண்.

கட்டுச்சோறும் ஞாயிற்றுக்கிழமையும்

சனிக்கிழமை காலை உணவையும் மதிய உணவையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் மாலை வரை கெடாது. தயிர்ச்சோற்றை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். ரயிலில் சாப்பிடுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை, உடன் பயணிப்போரில் பாதிப் பேர் ரொட்டியையும் வேகவைத்த முட்டையையும் பிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். இரவுக்கு, கார்ல் லீப்க்னெக்ட் தெருவில் உள்ள சிறிய கடைகளில் ஃபலாஃபெல் தட்டு வாங்கினால் வயிறு நிறையும், மரக்கறி உண்பவருக்கும் கவலையில்லை. ஐசன்பான் தெருப் பகுதியில் அரபு, துருக்கி உணவகங்களும் மளிகைக் கடைகளும் நிறைய உண்டு.

ஜெர்மனிக்குப் புதியவர்கள் தவறாமல் தடுமாறும் இடம் ஞாயிற்றுக்கிழமை. அன்று நாட்டின் ஏறக்குறைய எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகளுக்கு விலக்கு உண்டு என்பதால், லைப்சிக் மத்திய நிலையத்தின் கீழ்த்தளங்களில் உள்ள பல்பொருள் அங்காடியில் ஞாயிறு காலையும் ரொட்டி, தயிர், பழம் வாங்கலாம். குழாய்த் தண்ணீர் நல்ல குடிநீர் என்பதால், புட்டி ஒன்றைக் கொண்டுபோய் விடுதியில் நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் பிளாஸ்டிக் புட்டித் தண்ணீர் வாங்கினால், விலையோடு சேர்த்து 25 சென்ட் வைப்புத்தொகையும் வாங்குவார்கள். காலிப் புட்டியை அங்காடியில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும்.

சனிக்கிழமை: நகரின் நடுவில்

புறநகர் ரயில் நிலத்தடி நடைமேடையில் வந்து நிற்கும். 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை அது. அப்படியே வெளியே போய்விடாமல், மேலே ஏறி நிலையத்தின் பழைய கூடத்தைப் பாருங்கள். 1915-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த நிலையம், பிரஷ்ய ரயில்வேக்கும் சாக்சனி ரயில்வேக்கும் பொதுவாக எழுப்பப்பட்டது. ஆகவே மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று என ஒரே மாதிரியான இரண்டு நுழைவுக் கூடங்கள் உள்ளன. முகப்பின் நீளம் மட்டும் 298 மீட்டர். 24-ஆம் நடைமேடையில் பழைய ரயில் எஞ்சின்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள், பார்க்கக் கட்டணமில்லை.

நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்து நிக்கோலாய் தெருவில் ஐந்தாறு நிமிடம் நடந்தால் நிக்கோலாய் தேவாலயம் வந்துவிடும். உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். வெண்ணிறத் தூண்கள் உச்சியில் பனையோலைபோல் பச்சையாக விரிந்து கூரையைத் தாங்கி நிற்கின்றன. கிழக்கு ஜெர்மனியின் சோசலிச அரசின் காலத்தில் இங்கே திங்கள்தோறும் அமைதி வழிபாடு நடந்தது. 1989 அக்டோபர் 9 அன்று அந்த வழிபாட்டுக்குப் பின் ஏறக்குறைய 70,000 பேர் நகரின் வட்டச் சாலையில் திரண்டு நடந்தார்கள். ஆயுதப் படையினர் தயாராக நின்றும் துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது. இந்த வரலாற்றை விரிவாக அறிய, அருகிலேயே கிரிம்மா தெருவில் உள்ள தற்கால வரலாற்று மன்றம் என்னும் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நுழைவு இலவசம், ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அங்கிருந்து மேட்லர் வணிகக்கூடத்துக்குள் நடந்தால், ஜெர்மன் கவிஞர் கேத்தே தம் ஃபாவுஸ்ட் நாடகத்தில் இடம்பெறச் செய்த அவ்வர்பாக் நிலவறை உணவகத்தின் படிக்கட்டில் ஃபாவுஸ்ட், மெஃபிஸ்டோ சிலைகள் நிற்கும். உணவகம் நம் கணக்குக்கு ஒத்துவராது, ஆனால் படிக்கட்டில் நின்று பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. அந்தப் பகுதி முழுவதும் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து இன்னொரு தெருவில் வெளிவரும் இத்தகைய வணிகக்கூடங்கள் நிறைந்தது. மழை நாளில் நனையாமல் ஒரு மணி நேரம் நடக்கலாம்.

நாளின் மையம் பிற்பகல் மூன்று மணி. புனித தோமையார் தேவாலயத்தில், 1212 முதல் தொடர்ந்துவரும் தோமானர் சிறுவர் பாடற்குழு, வெள்ளி மாலை ஆறு மணிக்கும் சனி பிற்பகல் மூன்று மணிக்கும் மோட்டெட் எனப்படும் இசை வழிபாட்டை நடத்துகிறது. பள்ளி விடுமுறைகளிலும் குழு வெளியூர் போகும்போதும் வேறு குழுவினர் பாடுவார்கள் என்பதால் தேவாலயத்தின் நிகழ்ச்சி நிரலை முன்பே பாருங்கள். வாசலில் சில யூரோ கொடுத்து வாங்கும் நிகழ்ச்சிக் கையேடுதான் நுழைவுச்சீட்டு. முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நில்லுங்கள், சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யோகான் செபாஸ்டியான் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும் வரை இசை இயக்குநராக இருந்தது இந்தத் தேவாலயத்தில்தான். அவர் எழுதிய பாடலிசையை, அவர் நடத்திய குழுவே, அவருடைய கல்லறை இருக்கும் கட்டடத்திலேயே பாடுகிறது. இதற்கு ஈடாக ஐரோப்பாவில் வேறெங்கும் இந்த விலையில் எதையும் நான் கேட்டதில்லை.

நடு வரிசைகளில் அமர்பவர்கள் பலிபீடத்தை நோக்கியே அமர்ந்திருப்பார்கள், பாடுவோர் அவர்களுக்குப் பின்னால் மேற்கு மாடத்தில் ஆர்கன் இசைக்கருவியின் அருகே நிற்பார்கள். நான் முதல் முறை போனபோது, எங்கே பாடுகிறார்கள் என்று சிறிது நேரம் தேடினேன். பிறகு பக்கத்திலிருந்த மூதாட்டி கண்களை மூடிக்கொண்டு கேட்பதைப் பார்த்துத் தேடுவதை விட்டுவிட்டேன். சிறுவர்களின் குரல் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எழுந்து, கூரையின் சிவப்பு வளைவுகளில் பட்டு, முன்னே வந்து இறங்கியது. இடையில் அவையோர் எழுந்து நின்று பாடும் பாடலும் உண்டு, கையேட்டில் அதன் சொற்கள் இருக்கும். முடிந்ததும் கூட்டம் கலையும்வரை காத்திருந்து முன்னே போனால், தரையில் பதித்த வெண்கலப் பலகையில் பாக்கின் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருப்பதையும், அதன்மேல் யாரோ வைத்துப்போன பூக்களையும் காணலாம். அவருடைய எச்சங்கள் 1950 முதல்தான் இந்தக் கல்லறையில் உள்ளன.

வெளியே வரும்போது நாலேகால் மணி ஆகியிருக்கும். அருகிலுள்ள மார்க்ட் நிலத்தடி நிலையத்திலிருந்து எஸ்-பானில் பிளாக்விட்ஸ் போனால், 1884-இல் தொடங்கி ஒரு காலத்தில் ஐரோப்பாக் கண்டத்தின் மிகப் பெரிய நூற்பாலையாக விளங்கிய செங்கல் ஆலை வளாகத்தைக் காணலாம். நூற்பு நின்றுபோன பிறகு ஓவியர்களின் பட்டறைகளும் காட்சிக்கூடங்களும் அங்கே குடியேறியுள்ளன. சனிக்கிழமை மாலை ஆறு மணி வரை பெரும்பாலான கூடங்கள் திறந்திருக்கும், கட்டணமில்லை. அருகில் ஓடும் கார்ல் ஹைன கால்வாய்க் கரையில் நடந்து திரும்பலாம். களைப்பாக இருந்தால் இதை விட்டுவிடுவதில் தவறில்லை.

டிராமில் டாய்ச்லாந்து டிக்கெட்டே செல்லும். தனிச் சீட்டு வாங்குபவர்கள், முத்திரையிட வேண்டிய சீட்டாக இருந்தால் ஏறியவுடன் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம், தெரியாது என்ற விளக்கம் எடுபடாது.

ஞாயிறு: நினைவுச்சின்னம், பிறகு ஹாலே

காலையில் 15-ஆம் எண் டிராமில் நாடுகளின் போர் நினைவுச்சின்னத்துக்குப் போங்கள். 1813 அக்டோபரில் நெப்போலியனின் படையும் அவரை எதிர்த்த கூட்டணிப் படைகளுமாக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மோதிய போரின் நினைவாக 1913-இல் திறக்கப்பட்டது. உயரம் 91 மீட்டர், உச்சிவரை 364 படிகள். கட்டணம் கொடுத்து மேலே ஏறுவது விருப்பத்தைப் பொறுத்தது. எதிரே உள்ள நீர்த்தடாகத்தின் கரையிலிருந்து பார்த்தாலே அதன் பிரம்மாண்டம் விளங்கிவிடும் என்பதால், ஒரு மணி நேரத்துக்கு மேல் இங்கு வேண்டாம்.

பதினொரு மணி அளவில் பையையும் எடுத்துக்கொண்டு மத்திய நிலையத்திலிருந்து ஹாலே போகும் எஸ்-பானில் ஏறிவிடுங்கள். சுமார் அரை மணி நேரப் பயணம்தான். பையை ஹாலே நிலையப் பெட்டகத்தில் வைத்துவிட்டால், மாலையில் லைப்சிக்குக்குத் திரும்பாமல் அங்கிருந்தே பெர்லினுக்குப் போகலாம். நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் ஃபிராங்கே அறநிலையம் வரும். அவ்வளவு தொலைவு நடக்க முடியாதவர்கள் டிராமில் ஃபிராங்கே சதுக்கத்தில் இறங்கலாம்.

அவ்குஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர் 1698-இல் ஆதரவற்ற குழந்தைகளுக்காகக் கட்டத் தொடங்கிய இந்த வளாகத்திலிருந்துதான் தமிழ்நாட்டின் கடற்கரைக்கு ஒரு நீண்ட கயிறு நீள்கிறது. ஹாலேயில் ஃபிராங்கேயிடம் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்கு, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அங்கே மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அதை அச்சிடுவதற்கான தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு, கப்பலில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. அந்த எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து தாளை அதிகம் விழுங்கியதால், பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் அச்சுப் பணி நிறைவுற்றது. லத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயிலேயே அச்சானது. தமிழ் ஓலைச்சுவடிகள் இந்த அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. ஆய்வாளர்கள் முன்கூட்டியே அனுமதி பெற்றுத்தான் அவற்றைக் காண முடியும்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது, பழைய ஆதரவற்றோர் இல்லத்தின் மேல்தளத்தில் உள்ள கலைப்பொருள், இயற்கைப்பொருள் கூடம். படியேறிப் போய்க் கதவைத் திறந்தால், கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கிக்கொண்டிருக்கும். சுற்றிலும், பதினெட்டாம் நூற்றாண்டில் ஓவியம் தீட்டிய பதினாறு மர அலமாரிகளில் சங்கு, சிப்பி, கல், காலணி, எழுத்துச் சுவடி என்று உலகின் பல கரைகளிலிருந்து அனுப்பப்பட்ட பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் தரங்கம்பாடியிலிருந்து போனவையும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகைக் காட்டுவதற்காகச் சேர்த்த இந்தத் தொகுப்பு, அது முதலில் வைக்கப்பட்ட அதே அறையிலேயே இருப்பது அரிது. பெர்லினின் பெரிய அருங்காட்சியகங்களில் இல்லாத ஒரு நெருக்கத்தை இங்கே உணர்ந்தேன். நுழைவுக் கட்டணத்துக்குத் தயங்க வேண்டாம், இதற்காகத்தான் கட்டுச்சோறு கட்டினோம். திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் ஹாலேயை ஞாயிற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி நேரத்தில் சந்தைச் சதுக்கத்துக்கு நடந்து போய், நான்கு கோபுரத் தேவாலயத்தையும் தனியே நிற்கும் சிவப்புக் கோபுரத்தையும், 1685-இல் இவ்வூரில் பிறந்த இசையமைப்பாளர் ஹேண்டலின் சிலையையும் பார்க்கலாம். தொல்லியலில் ஆர்வமுள்ளவர்கள் சதுக்கத்தை விட்டுவிட்டு, நெப்ரா வான்தட்டு வைக்கப்பட்டுள்ள தொல்வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். 3,600 ஆண்டுகளுக்கு முன் சூரியனையும் நிலாவையும் விண்மீன்களையும் பொன்தகட்டில் பதித்த வெண்கல வட்டு அது. இரண்டையும் ஒரே பிற்பகலில் அடைக்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது.

செலவுக் கணக்கும் திரும்பும் வண்டியும்

மாதச் சீட்டு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், படுக்கைக்கு 35 யூரோ, வெளியில் சாப்பிடும் இரண்டு வேளைக்கும் காபிக்கும் ரொட்டிக்குமாக 25 யூரோ, இசை வழிபாடு, நினைவுச்சின்னம், ஹாலே கூடம் ஆகியவற்றுக்கு 20 யூரோ, பெட்டகத்துக்கும் நிலையக் கழிப்பறைக்கும் 8 யூரோ என்று நான் ஒதுக்குகிறேன். எதிர்பாராததற்காக இன்னொரு 10 யூரோவைத் தனியாக மடித்து வைத்தாலும் நூறைத் தாண்டுவதில்லை. பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும் என்றாலும் 30 யூரோவாவது ரொக்கமாக இருக்கட்டும், அதில் பத்தை ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை வட்டார ரயில்கள் மாணவர்களாலும் மிதிவண்டிகளாலும் நிரம்பி வழியும். ஹாலேயிலிருந்து பிட்டர்ஃபெல்ட் அல்லது விட்டன்பெர்க் வழியாகப் பெர்லின் திரும்பும் கடைசி இணைப்பு எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு இரண்டு வண்டி முன்னதாக, ஐந்து மணி அளவில் கிளம்புவதாகத் திட்டமிடுங்கள். வழியில் ஓர் இணைப்பு தவறினாலும் இரவை எங்கோ ஒரு நிலையத்தில் கழிக்க நேராது. வண்டி வந்து நிற்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போவதால், வண்டி சரியாக இருந்தும் பெட்டி தவறாக இருக்க வாய்ப்புண்டு.